தலைவரின் மைக்கை வெட்டியவன் நான்

ஒரு பழைய ஆம்பிளிஃபயர், இரண்டு ஹோர்ன், ஒரு சைக்கிள். இவற்றோடு தொடங்கியவன் நான். கடல் ஒருமுறை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது, திரும்பவும் உண்டாக்கினேன். இன்று லொறி, ஜெனரேட்டர், பந்தல் தகரம், சனம் உட்கார மலைபோலக் கதிரைகள். சல்லியிலிருந்து வெருகல் வரை என் ஹோர்ன் பாடாத திருவிழா கிடையாது. படித்தது ஐந்தாம் வகுப்பு. கையெழுத்துப் போடுவேன், வடிவாகவே போடுவேன். இவ்வளவோடு ஒரு கட்சியையும் நிமிர்த்தினேன் என்றால் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரியுங்கள். வாசித்துவிட்டுச் சிரியுங்கள்.

கதிரைக் கொட்டில்

எங்கள் கட்சி பிறந்தது என் கதிரைக் கொட்டிலில். வேறு ஒருவரும் இடம் தரவில்லை. தலைவர் நிமலன், இளம் சட்டத்தரணி. தங்கமான பிள்ளை, பேச்சுத்தான் கொஞ்சம் நீளம். ஒழுக்காற்றுக் குழுவுக்குத் தலைவி, கிண்ணியாவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற அதிபர் அஸ்மா டீச்சர். எல்லோரும் ஊழல், பொறுப்புக்கூறல் என்று பெரிய பெரிய கதை கதைத்தார்கள். நான் எழும்பினேன்.

"இந்த மாவட்டத்தில நான் மைக் கட்டாத கட்சி இல்லை. கட்சி பழுதாகிறது முதல்ல மைக்கிலதான். மைக்கை விட்டு இறங்காதவன் பிறகு பதவியை விட்டும் இறங்கமாட்டான். ஆளுக்குப் பத்து நிமிசம். மிஞ்சினா மைக்கை வெட்டுறது. மிஞ்சின ஆள் கூட்டம் முடியக் கதிரை அடுக்கவேணும்."

"தலைவருக்கும் இதுதானோ, செல்லையா அண்ணை?" என்று நிமலன் சிரித்தார்.

"தலைவருக்குத்தான் முதல்ல, தம்பி."

முதலில் கை தூக்கியவரும் அவர்தான். நினைவில் வைத்திருங்கள்.

சாம்பல்தீவு

முதல் பெரிய கூட்டம் சாம்பல்தீவில். நல்ல சனம். மற்றவர்கள் நேரத்துக்கு முடித்தார்கள். கடைசியாக நிமலன் மைக்கைப் பிடித்தார். "மேடையில் வீற்றிருக்கும்..." என்று தொடங்கினார். கோயில் தர்மகர்த்தா, அவருடைய தம்பி, மீனவர் சங்க முன்னாள் தலைவர், இந்நாள் தலைவர் என்று ஒவ்வொருவருக்கும் வணக்கம். பத்து நிமிடம் முடிந்தபோது அந்தச் சங்கத்துப் பொருளாளர் வரைக்கும்தான் வந்திருந்தார். பேச்சு இன்னும் தொடங்கவே இல்லை!

நேரம் முடிந்தது என்று டோர்ச் அடித்துக் காட்டினேன். உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்து எனக்குக் கை காட்டினார். திரும்பவும் அடித்தேன். திரும்பவும் கை காட்டினார். வெட்டிவிட்டேன்.

மனிசன் மைக்கைத் தட்டிப் பார்த்தார். பிறகு தொண்டை கிழியக் கத்தினார்: "பாத்தீங்களா சனங்களே! கரண்டை நிப்பாட்டிப்போட்டாங்கள்! எங்கட குரலை நசுக்கிறாங்கள்!"

அவருடைய தலைக்கு மேலே ஆறு குழல் விளக்குகள் பளபளவென்று எரிகின்றன. காற்றாடி சுற்றுகிறது. முன்வரிசையில் இருந்த மீன்காரி ஒருத்தி எழும்பி, "தம்பி, மேல பாருங்கோ, லைட் எரியுதெல்லோ!" என்றாள்.

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. பொருளாளர் கதிரையோடு சரிந்தார். நிமலன் என்னைப் பார்த்தார். நான் கழற்றிய வயரைத் தூக்கிக் காட்டினேன்.

விசாரணை

மறுநாளே கட்சிக்குள் நெருப்பு. தலைவரை அவமானப்படுத்தியவனைக் கட்சியை விட்டு நீக்கவேண்டும் என்றார்கள். என் கொட்டிலில் பொரித்த குஞ்சு என்னையே கொத்த வருகிறது! வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு விசாரணைக்குப் போனேன். வெளியே சிரிப்பு, நெஞ்சுக்குள் தவில். நீக்கினால் நான் திரும்பவும் வெறும் மைக்காரன்தான்.

நிமலன் சட்டம் பேசினார். "டீச்சர், அந்த விதி உள்வீட்டுக் கூட்டத்துக்கு. இது பொதுக்கூட்டம். சனம் ஆர்வமாக் கேட்டுக்கொண்டு இருந்தது. கைகூடத் தட்டினவை."

"அது நுளம்பு கடிச்சதுக்குத் தட்டினது, தம்பி," என்றேன்.

டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு முகத்தை இறுக்கி, "நிமலன், விதிக்குக் கை தூக்கினீங்களா?" என்று கேட்டார்.

"ஓம்."

"உள்வீட்டுக்கு மட்டும் எண்டு அண்டைக்குச் சொன்னீங்களா?"

"இல்லை, டீச்சர்."

"அப்ப கதிரை அடுக்குங்கோ."

நான் மீசையை முறுக்கினேன். டீச்சர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சிரிக்கவேணாம் செல்லையா. கூட்டத்துக்கு முன்னுக்கு அரைமணித்தியாலம் ஹலோ ஹலோ எண்டு மைக் பாத்துப் பாட்டும் படிக்கிறீங்க. இனி உங்களுக்கும் பத்து நிமிசம்தான்."

என் பாட்டுக்கு ரசிகர்கள் உண்டு. ஆனாலும் தலை ஆட்டினேன். நான் போட்ட விதி என்னையே பிடிக்கிறது என்றால் அது எவ்வளவு பலமான விதி!

அடுத்த கூட்டம் தம்பலகாமத்தில். செய்தி பரவி, உழவு இயந்திரங்களில் ஏறிச் சனம் வந்தது. நிமலன் ஒன்பது நிமிடத்தில் பேச்சை முடித்தார், சட்டைக் கையை மடித்தார், கதிரை அடுக்கத் தொடங்கினார். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு கிழவர் பக்கத்தில் வந்து, "எத்தினையோ தலைவர்மார் கதிரையில இருக்கப் பாத்தனான். தூக்கினவரை இப்பதான் பாக்கிறன். என்னையும் சேத்துக்கொள்ளுங்கோ," என்றார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. தலைவருக்குத் தண்டனை கொடுக்கத் தெரிந்த கட்சியைச் சனம் நம்பும். அன்று படித்த பாடம் இதுதான்.

இப்போது எங்கள் விதிகளைப் புத்தகமாக அச்சடித்திருக்கிறார்கள். பத்து நிமிட விதியும் இருக்கிறது. கீழே, "தலைவரின் தூரநோக்கில் உதித்தது" என்று போட்டிருக்கிறது. நிமலன் தம்பி, கதிரை அடுக்கியது நீங்கள், அந்தப் பெருமை உங்களுக்கே. விதி உதித்தது என் கொட்டிலில், என் வாயில். அடுத்த பதிப்பில் செல்லையா என்று என் பெயரைப் போடுங்கள். ஒரு வரி போதும். முன்னால் வணக்கம் ஒன்றும் வேண்டாம்.