பதினேழாம் எண் வீடு

ஊர் ஊராகப் போய்ப் பழைய வீடுகளைப் பிரித்து, உத்தரத்துக்கு எண் போட்டு, லாரியில் ஏற்றிவந்து மறுபடி கட்டி வைத்திருக்கும் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நான் டிக்கெட் கிழிப்பவன். நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுபவர் அங்கே பெருக்குகிறவர். ஐம்பது வயது. வாய் கொஞ்சம் நீளம்; அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

பதினேழாம் எண் கட்டடம் எழும்பி நின்ற அன்று அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டார். அவர் பிறந்த வீடு அது. பத்து வயதுவரை அப்பா, அம்மா, இரண்டு தம்பிகளோடு அந்த ஒற்றை அறையில்தான் இருந்தார். பண்ணைக்காரர் அவர்களைக் காலி செய்யவைத்துவிட்டு அங்கே மாடு கட்டியிருக்கிறார். வீட்டைப் பிரிக்க வந்த அருங்காட்சியக ஆய்வாளர்கள் பார்த்தது மாட்டை, கேட்டது பண்ணைக்காரரை. வாசலில் பலகை வந்தது: ‘மாட்டுத் தொழுவம்.’

அக்கா நேரே இயக்குநர் அறைக்குப் போனார். பின்னாலேயே நானும் போனேன்.

“சார், உத்தரத்துல ஒரு கொக்கி இருக்கே, அது எதுக்கு?”

“வைக்கோல் கட்டித் தொங்கவிட.”

“என் தம்பிங்களுக்குத் தொட்டில் கட்டின கொக்கி சார் அது. எந்த மாடு கன்னுக்குட்டியத் தொட்டில்ல போட்டு ஆட்டுச்சு?”

பதிவேட்டில் இருப்பதுதான் பலகையில் இருக்கும், இன்னொரு முறை இந்தப் பேச்சை எடுத்தால் வேலை இருக்காது என்றார் இயக்குநர். அக்கா சொன்னதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. ஆனாலும் வெளியே வந்து, “விட்டுடுங்கக்கா,” என்றுதான் சொன்னேன்.

“நீ போய் டிக்கெட்டக் கிழி.”

எங்களிடம் ஒரு விதி உண்டு. மண் தரை பெயர்ந்துவிடாமலிருக்க, வீடுகளுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். தொழுவத்துக்கு அது கிடையாது. மறுநாள் காலை அக்கா பதினேழின் வாசலில் துடைப்பத்தைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றார்.

“செருப்பக் கழட்டிட்டுப் போங்க. இது வீடு.”

சிலர் பலகையைக் காட்டினார்கள்.

“அது தப்பு. இங்க பொறந்தவ சொல்றேன்.”

மதியத்துக்குள் வாசல் முழுக்கச் செருப்பு. இயக்குநர் காதுக்குச் சேதி போய், வேகவேகமாக வந்தார். நான் கேட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

“உனக்கு எத்தன தடவ சொல்றது? தள்ளு.”

“கழட்டிட்டு வாங்க சார்.”

வேலை போகும் என்று தெரிந்தேதான் நின்றார். துடைப்பம் நகரவில்லை. சுற்றிலும் முப்பது பேர் வெறுங்காலோடு இயக்குநரின் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் பலகையைப் பார்த்தார். செருப்புக் குவியலைப் பார்த்தார். பிறகு குனிந்து லேஸை அவிழ்த்தார்.

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார்.

“வாங்க சார். எங்க வீட்டுக்கு இப்பதான் மொதல் தடவ வர்றீங்க.”