சாஃப்ட்வேருக்கு கிரேடு போட்ட மாதம்

ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் குறை கண்டுபிடிப்பதுதான் எனக்கு வேலை. பதப்படுத்தி முடித்த தோலை மேசையில் விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, கீறல், உண்ணிக் கடி, சூட்டுத் தழும்பு எங்கே இருந்தாலும் சாக்பீஸால் வட்டம் போட்டு, ஏ, பி, சி என்று கிரேடு பிரிக்க வேண்டும். வருஷக்கணக்காக இதையே செய்கிறவனுக்கு வெளியிலும் கண் சும்மா இருக்காது. கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையின் ஷூவைத்தான் முதலில் பார்ப்பேன். மாப்பிள்ளையின் முகம் பெரும்பாலும் ஞாபகம் இருப்பதில்லை.

என் மனைவிக்கு எங்கள் தோல் போகிற ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் வேலை. அவள் நன்றாகப் பாடுவாள். சர்ச் பாடல் குழுவில் பாடுவது போக, சொந்தமாக ஒரு பாட்டும் கட்டி வைத்திருந்தாள். காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பதைப் பற்றிய பாட்டு அது. "பஸ்ஸு வராத காலையில மலை எவ்ளோ கிட்ட நிக்குது" என்று ஒரு வரி வரும். அதில் "மலை" என்ற இடத்தில் குரல் கிடுகிடுவென்று மேலே ஏறி, அங்கேயே கொஞ்ச நேரம் நிற்கும். பாத்திரம் துலக்கும்போது அவள் அந்த வரிக்கு வந்தால் நான் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவேன். எனக்கு அவ்வளவு பிடிக்கும். அவளிடம் சொன்னதில்லை.

அவளுக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி வந்தது. வேலூரில் ஆபரேஷனுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை என்று சொன்ன டாக்டரம்மா, நாங்கள் எழுந்திருக்கும்போது இன்னொன்றும் சொன்னார். "பேச்சு அநேகமா பழையபடி வந்துடும். மேல் ஸ்தாயில பாடறது மட்டும் எப்படி இருக்கும்னு இப்ப சொல்ல முடியாது." திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "போறதுக்குள்ள அந்தப் பாட்ட மியூசிக்கோட ஒரு தரம் பதிஞ்சி வச்சிடுங்க" என்றாள். அவள் என்னிடம் எதையும் வேண்டும் என்று கேட்பது அபூர்வம். சரி என்றேன்.

எனக்குக் கீபோர்டு சுமாராக வாசிக்க வரும். ஆபீஸில் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர் ஒன்றும் வீட்டில் இருந்தது. வாத்தியங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதற்கு மேல் குரலைப் பதிகிற சாஃப்ட்வேர்தான் பாக்கி. நெட்டில் தேடினால் அதில் ஏகப்பட்ட வகை இருந்தது. எனக்குத் தெரிந்த முறைப்படி ஒவ்வொன்றாகப் பரிசோதிக்க ஆரம்பித்தேன்.

முதலாவது சும்மா கிடைப்பது. அழுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு திரை. கீபோர்டில் கட்டையை அழுத்தினால், கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சத்தம் வந்தது. சி. இரண்டாவதில் சத்தம் உடனே வந்தது, ஆனால் காசு கட்டும் வரைக்கும் சேவ் ஆகாது. பாட்டை முடித்துவிட்டு அதற்கு ஒரு கும்பிடு போட்டுக் கிளம்ப வேண்டியதுதான். மூன்றாவது, பாட்டுக்கு நடுநடுவே தன்னை வாங்கச் சொல்லி இரைந்தது. நான்காவதில் சத்தமெல்லாம் சரிதான், ஆனால் திரையைத் திறந்தால் விமானம் ஓட்டுகிறவர் உட்காரும் இடம் மாதிரி இருந்தது. எதைத் தொட்டால் என்ன ஆகும் என்று பயந்து, அதற்கும் சி போட்டேன்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கண்ணை மட்டும் நம்பி கிரேடு போடமாட்டோம். மேசைக்கு இரண்டு பேர். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாவிட்டால் எது கம்மியோ அதுதான் நிற்கும். அதனால், என்னோடு அதே மேசையில் கிரேடு போடும் பாயை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டேன். வாணியம்பாடியிலிருந்து பஸ் பிடித்து வந்தவர், இன்னும் மிச்சமிருந்த சாஃப்ட்வேர்களைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"தோஸ்த், இதுல தபலா தகர டப்பா மாதிரி இருக்கு. சி போடு."

"நான் பி நெனச்சேன் பாய்."

"அப்ப சிதான்."

சாயங்காலத்துக்குள் எல்லாம் விழுந்துவிட்டன. ஒன்றுகூடத் தேறவில்லை. வேலையை ஒழுங்காக முடித்த திருப்தியில் இரண்டு பேரும் டீ குடித்தோம்.

என் மனைவி வந்து, "பாட்டு எந்த மட்டுல இருக்கு?" என்று கேட்டாள்.

"இன்னும் செலக்‌ஷனே முடியல."

"அடுத்த வாரம் நான் அட்மிட் ஆவணும்."

பாய் டம்ளரைக் கீழே வைத்தார். அவள் குரலை உயர்த்தாமல் பேசினாள். "நீங்க அனுப்பற தோல்ல இன்னா, வட்டமே இல்லாமலா வருது? வட்டத்த விட்டுட்டு மீதிய வெட்டறோம். விட முடியலன்னா அத லேசுக்கு அடியில வர்ற ஷூ நாக்குக்குப் போட்டுடறோம், உள்ள மறஞ்சி போய்டும். நீங்க சி போட்டதெல்லாம் ஷூவாயி ஊர் ஊரா நடந்துகினுதான் இருக்குது."

"பேஜாரா போச்சு தோஸ்த்" என்று முணுமுணுத்துவிட்டு பாய் செருப்பைத் தேடினார்.

சும்மா கிடைப்பது எது என்று மட்டும் அவள் கேட்டாள். அந்தச் சாம்பல் நிறத் திரையைத் திறந்து காட்டினேன். அது தாமதிப்பது வாசிக்கும்போது மட்டும்தான். சுரங்களை மவுஸால் எடுத்து ஒவ்வொன்றாக வைத்தால் தாமதம் என்ற பேச்சே இல்லை. இது எனக்கு முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும். அந்த வாரம் வேலை விட்டு வந்ததும் உட்கார்ந்து, தபலா, புல்லாங்குழல், பின்னால் ஒரு ஆர்கன் என்று வைத்து முடித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் முந்தின நாள் ஃபேனை நிறுத்தி, ஜன்னலை மூடி, வேர்த்து ஊற்ற அவள் பாடினாள். "மலை" ஏறி நின்றது. பதிந்ததைப் பென்டிரைவிலும் ஒரு பிரதி எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பேச்சும் வந்தது, கொஞ்சம் கரகரப்பாக. பாட்டு மட்டும் வரவில்லை. அவள் முயற்சி செய்தாளா என்றே எனக்குத் தெரியாது. சமையலறையில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்கும். அவளிடம் விசாரித்துப் பார்க்கவும் எனக்குப் பயம். அந்தச் சில மாதங்கள் எனக்கு வீட்டில் இருக்கவே பிடிக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் அவளாகவே வந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அந்தப் பாட்டப் போடுங்க" என்றாள். பழைய பதிவைக் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"கொரல் வேணாம். அப்ப இருந்தவ பாடினது அப்டியே இருக்கட்டும். வெறும் மியூசிக்கப் போடுங்க."

போட்டேன். கூடவே பாடினாள். "மலை"யில் குரல் உடைந்து வெறும் காற்றாகப் போனது. நான் நிறுத்தப் போனேன். அவள் என் கையைப் பிடித்து, "சுருதிய கம்மி பண்ண முடியுமா?" என்று கேட்டாள்.

அத்தனை சாஃப்ட்வேரைக் குடைந்தபோதும் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. சுரங்கள் மொத்தத்தையும் சேர்த்துப் பிடித்து ஒரு கட்டை கீழே தள்ளினேன். தபலா அதன் இடத்திலேயே நிற்க, புல்லாங்குழலும் ஆர்கனும் சேர்ந்து இறங்கின. பாடிப் பார்த்து, "இன்னும்" என்றாள். தள்ளினேன். "இன்னும் கொஞ்சம்." அதற்குப் பிறகு முதலிலிருந்து பாடினாள். அடித்தொண்டையிலிருந்து வந்தது, எனக்குத் தெரியாத ஒரு பெண் பாடுவது மாதிரி. "மலை" வந்தது. குரல் லேசாக நடுங்கிக்கொண்டே ஏறியது. ஏறி, நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சட்டையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பாட்டு முடிந்ததும், "பதிஞ்சிடுச்சா?" என்று கேட்டாள்.

ரெக்கார்டு பட்டனை நான் அழுத்தவே இல்லை. "இல்ல" என்றேன்.

"அதனால இன்னா, இன்னொரு தரம் பாடறேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தாள்.