அண்ணிக்குப் படித்துச் சொல்லாத வரி

அண்ணியின் கணினி ரிப்பேர் கடையில் அன்று நடந்த பேச்சு, தான் வருமுன் நடந்ததாக அண்ணி சொன்னதையும் சேர்த்து, அவளுக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. குழாய்க்காரர் கணினிப் பெட்டியைக் கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார். மேசையில் இடமில்லை. பெட்டியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவர் நின்றுகொண்டார். என்ன ஆச்சு என்று அண்ணி கேட்டாள். நேற்று ஏதோ அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டதாம். அதிலிருந்து கறுப்புத் திரையில் வெள்ளையாக நாலு வரி வந்து நிற்கிறதாம், அதற்கு மேல் அசைய மாட்டேன் என்கிறதாம். பஸ் நிறுத்தத்துக் கடையில் காட்டினால், மொத்தத்தையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்றார்களாம்.

"சாவி தொலஞ்சா வீட்டையே இடிக்கச் சொல்ற ஆளுங்க," என்றாள் அண்ணி. "அது கிடக்கட்டும்ணே. உள்ள என்ன இருக்கு? போனா அழற மாதிரி ஏதாவது?"

"நான் அழமாட்டேன் அக்கா. இந்தத் தெருவே அழும்."

உள்ளே இருந்தவை குழாய்ப் படங்கள். பன்னிரண்டு வருடங்களாக, கை வைத்த ஒவ்வொரு வீட்டிலும் தரைக்கடியில் எந்தக் குழாய் எங்கே திரும்புகிறது என்று அவரே அளந்து வரைந்து வைத்தவை. இருநூற்றுச் சொச்சம் வீடுகள். எங்கே கசிந்தாலும் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு தரைக்கல்லைப் பெயர்ப்பார், வேலை முடிந்துவிடும். மற்றவர்கள் வந்தால் கூடத்தையே கொத்திப் போடுவார்கள்.

கெட்டிருப்பது ஒரு சிஸ்டம் ஃபைல்தான், அதை மட்டும் மாற்றினால் எழுந்துகொள்ளும், படங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று அண்ணி தைரியம் சொன்னாள். அந்த நேரம் பார்த்து அலுவலகம் முடிந்து நாத்தனாரான அவள் படியேறி வந்தாள்.

"இதோ வந்துட்டா எங்க வீட்டு மொழிபெயர்ப்பாளர்," என்றாள் அண்ணி. "ஆபீஸ்ல பக்கம் பக்கமா எழுதிக் கொடுப்பா. நமக்குன்னா வார்த்தைக்கு ரேஷன்."

குழாய்க்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.

அண்ணி அவளுடைய அண்ணன் மனைவி. கல்யாணத்துக்கு முன் எட்டு வருடம் ஒரு தொழிற்சாலையில் மின்சுற்றுத் தகடுகளில் பாகங்களைப் பற்றவைக்கும் வேலை. தொழிற்சாலையை மூடியபோது கூட வேலை பார்த்தவர்கள் தையலுக்கும் சமையலுக்கும் போனார்கள். அண்ணி மட்டும், இத்தனை வருடம் செய்தது எதற்குள் போய் உட்காருகிறது என்று பார்க்கவேண்டும் என்று ஒரு பழைய கணினியை வாங்கிப் பிரித்தாள். பிரித்ததைத் திரும்பப் பூட்ட மூன்று வாரம் ஆனது. பிறகு மருந்துக்கடைக்கு மேலே, பாதி அறையை வாடகைக்கு எடுத்துக் கடை போட்டாள். மீதிப் பாதியில் மருந்துக்கடைக்காரரின் அட்டைப்பெட்டிகள் கூரை வரை நின்றன. வருகிற ஆண்கள் எல்லாரையும் அண்ணே என்பாள். குழாய்க்காரரோ அவளை அக்கா என்பார். இருவரில் யார் மூத்தவர் என்பது கடைசிவரை தீர்மானமாகவில்லை.

அண்ணிக்கு ஆங்கிலம் வராது. படித்ததெல்லாம் தமிழில். திரையில் வருகிற செய்திகளை, தெரிந்தவர்களின் நடையைத் தூரத்திலிருந்தே அடையாளம் காண்பதுபோல, வரியின் நீளத்தை வைத்துக் கண்டுகொள்வாள். நீளம் புதிதாக இருந்தால் மட்டும் நாத்தனாருக்காகக் காத்திருப்பாள். அவள் வந்து படித்துச் சொல்வாள், அண்ணி அழுத்துவாள். நாலு வருடமாக இதுதான் ஏற்பாடு. எந்தப் பெட்டியானாலும் உள்ளே இருப்பதை முதலில் தன் ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்துக்கொள்வது அண்ணியின் வழக்கம். அன்று அந்த டிஸ்கில் வேறொருவருடைய சாமான் நிரம்பியிருந்தது. ஒரே ஒரு ஃபைலை மாற்றத்தானே போகிறோம் என்று அண்ணி விட்டுவிட்டாள்.

குழாய்க்காரர் போனதும் வேலை தொடங்கியது. பென்டிரைவிலிருந்து கணினியை எழுப்பினார்கள். தானாகச் சரிசெய்து பார்த்தது, முடியவில்லை என்றது. அடுத்து ஒரு புதுத் திரை வந்தது. அதில் மூன்று வரிகள், கீழே இரண்டு பொத்தான்கள்.

"என்ன சொல்றான்?" என்றாள் அண்ணி.

முதல் வரியை அவள் படித்தாள். சிஸ்டம் ஃபைல்களைப் பழையபடி வைக்கப் போவதாக இருந்தது. மற்ற இரண்டு வரிகளும் கண்ணில் பட்டன. படவில்லை என்று அவளால் பிற்பாடு தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ள முடிந்ததில்லை. ஆனால் நெஞ்சில் அந்த ரேஷன் இன்னும் சுருக்கென்று குத்திக்கொண்டிருந்தது. சரி, ரேஷன் என்றால் ரேஷனாகவே இருக்கட்டும் என்று நினைத்தாள்.

"சிஸ்டம் ஃபைலைச் சரியா வைக்குமாம். தொடரணுமான்னு கேக்குது," என்றாள், கைப்பையை மாட்டிக்கொண்டே.

அண்ணி வழக்கம்போல மேல் பொத்தானை அழுத்தினாள். மேல் பொத்தான் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வைக்கும். உங்கள் கோப்புகளைத் தொடாமல் வைப்பது கீழ்ப் பொத்தான். படித்துச் சொல்லாமல் விட்ட இரண்டு வரிகளும் அதைத்தான் சொல்லின.

கணினி நன்றாகவே எழுந்தது. புத்தம் புதிதாக, வெறுமையாக எழுந்தது.

அழிந்ததை மீட்க அண்ணி நாலு நாள் போராடினாள். கோப்புகளின் பெயர்கள் திரும்பி வந்தன. திறந்தால் பாதிப் படம், மீதி சாம்பல் பட்டை. ஐந்தாம் நாள் குழாய்க்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நகல் எடுக்காமல் தொட்டது தன் தப்பு, தவறான பொத்தானை அழுத்தியதும் தன் கை என்று சொன்னாள். அவர் சத்தம் போடவில்லை. சரி அக்கா என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். இம்முறை அதை ஒரு கையில் தொங்கவிட்டுக்கொண்டு போனார்.

அவள் அப்போது பக்கத்தில்தான் நின்றாள். அன்று இரவுச் சாப்பாட்டில் அண்ணனிடம் அண்ணி இதையே திரும்பச் சொன்னாள். பிறகு அவள் பக்கம் திரும்பி, "நீ கீழ இருக்கறதை அழுத்துன்னுதான் சொல்லியிருப்பே. எனக்குத்தான் காதுல ஏறல," என்றாள். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று ஒரு சொல் போதும். வாய் வரை வந்தது. தண்ணீர் குடித்தாள், அதோடு உள்ளே போய்விட்டது.

அலுவலகத்தில் அவள் யாரோ முகம் தெரியாதவர்களின் பத்திரங்களை ஒரு காற்புள்ளி விடாமல் மொழிபெயர்ப்பவள். அதற்காகப் பாராட்டும் வாங்கியிருக்கிறாள். இப்போது ஒவ்வொரு பக்கத்திலும் மூன்றாவது வரிக்கு வந்ததும் கை நின்றுவிடும்.

அடுத்த மாதம் தெருக்கோடி வீட்டில் கசிவு. குழாய்க்காரர் மூன்று இடத்தில் உடைத்துத்தான் குழாயைக் கண்டுபிடித்தார். வீட்டுக்காரர் வாசலில் நின்று அவரைக் கிழி கிழியென்று கிழித்தார். செய்தி கேட்ட அண்ணி மறு ஞாயிறு காலை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு குழாய்க்காரருடன் வீடு வீடாகக் கிளம்பினாள். அவர் தட்டிப் பார்த்து, நினைவைத் தோண்டிச் சொல்லச் சொல்ல, அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்தாள், படம் போட்டாள். ஞாயிறு தவறாமல் போனாள். அண்ணன் சலித்துக்கொண்டான், பிள்ளைகள் முறையிட்டன. நாத்தனார் மட்டும் ஞாயிற்றுக்கிழமைச் சமையலைத் தானே செய்தாள். நாற்பது வீடு முடிந்த பிறகு அண்ணியின் முழங்கால் வீங்கியது.

கடையிலும் மாற்றம் தெரிந்தது. வருகிறவர்களிடம், என் கையில் ஒருத்தர் சாமான் போயிருக்கிறது, யோசித்துவிட்டுக் கொடுங்கள் என்று அண்ணி முதலிலேயே சொல்லிவிடுவாள். பாதிப்பேர் யோசித்துப் பஸ் நிறுத்தத்துக் கடைக்குப் போனார்கள். மீதிப்பேரின் பெட்டியில், நீளம் பார்த்தே தெரிகிற பழைய திரை வந்தால்கூட, அழுத்தப் போன விரலை இழுத்துக்கொள்வாள்.

ஒரு சாயங்காலம் அவள் துணிந்து தொடங்கினாள். "அண்ணி, அன்னைக்கு அந்தப் பெட்டியில..."

"நானே அதைத்தான் பேசணும்னு இருந்தேன்," என்று அண்ணி முந்திக்கொண்டாள். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும் பாப்பா. முடியாதுன்னு சொல்லிடாதே. இனிமே நீ படிச்சுச் சொன்னா மட்டும் பத்தாது. அழுத்தறதையும் நீயே அழுத்திடு. என் கையை நான் நம்பறதில்ல."