ஆவணி மலையில் படுத்துக்கொண்ட கேங்

1. மேஸ்திரி பிடித்த ட்ரிப்

தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில் மேட்டடோர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆவணி மலை, அந்தரகங்கை, பேத்தமங்கலம் ஏரி, இதுதான் என் லைன். கோயிலுக்குப் போகிறவர்கள், ஏரிக்கரையில் பிரியாணி சாப்பிடப் போகிறவர்கள் என்று எத்தனையோ பேரை ஏற்றியிருக்கிறேன். அவர்களில் சுரங்க ஆட்களைப் போல ரகளை பிடித்த பார்ட்டி கிடையாது. பாட்டு, கூச்சல், ஜன்னல் சீட்டுக்குச் சண்டை. "கொழந்தைங்களாய்யா நீங்க?" என்று கத்தித் தொண்டை போய்விடும்.

அன்றைக்கு வண்டி பிடித்தவர் மாணிக்கம் மேஸ்திரி. சுரங்கத்தில் அவருக்குக் கீழே வேலை செய்கிற கேங் ஆட்களும் அவர்கள் மனைவிமாரும் ஏறி உட்கார்ந்தாயிற்று. மேஸ்திரி மட்டும் என்னை டீக்கடை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"டிரைவரே, நம்ம ஜெயசீலன் கீறான் பாரு, ஏர் பிளாஸ்ட்ல மாட்டிகினு உசுரோட வந்தவன். அதுலேர்ந்து கேஜ்கிட்ட போனாலே அவனுக்கு வேர்த்து கொட்டுது. நாளைக்கும் எறங்கலன்னா வேலைய விட்டு எடுத்துடுவாங்க. அதான் மலை, காத்து, நாலு பேரு கூட சிரிப்புன்னு ஒரு நாள் இருந்தா தெளிஞ்சுடுவான்."

ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் தானாகவே வெடிப்பதைத்தான் ஏர் பிளாஸ்ட் என்பார்கள். உள்ளே வெடித்தால் மேலே கம்பெனி கொடுத்த லைன் வீடுகளில் பாத்திரம் பண்டம் எல்லாம் குலுங்கும். கேஜ் என்பது ஆட்களை ஷாஃப்டில், அதாவது சுரங்கத்தின் செங்குத்துக் குழியில், இறக்குகிற இரும்புக் கூண்டு.

"ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறத விட்டுட்டு மலைக்கா?" என்றேன்.

"நீ சும்னே வண்டிய ஓட்டுய்யா."

ஓட்டினேன். வழியெல்லாம் ஜெயசீலனை வாரிக்கொண்டே வந்தார்கள். "மச்சான், பயப்படாத, மலைக்கு மேலதான் ஏறப்போறோம், கீழ எறங்கப்போறதில்ல!" என்று ஒருவன். ஜெயசீலனும் சிரித்தான். கண் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கேஜில் ஏறினால் கிண்டல் செய்யலாம், கெட்ட வார்த்தை பேசலாம், பயமாக இருக்கிறது என்று மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. அது அபசகுனம்.

ஜெயசீலன் மனைவி ரூபாவதி என் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். முளபாகல் ரோட்டில் திரும்பும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "வேலை போச்சுன்னா லைன் ஊடும் போயிடும்ணா. அதுக்குன்னு, நீ போய் எறங்குன்னு எந்த வாயால அவர சொல்றது?"

கியரை மாற்றினேன்.

2. பாறைக்கு மேல்

பார்ட்டி மலை ஏறப் போனால் நான் வேனிலேயே காலை நீட்டிப் படுத்துவிடுவேன். அன்றைக்கு மனம் கேட்காமல் கூடவே ஏறினேன்.

அடிவாரத்தில் பழைய கற்கோயில்கள். அதைத் தாண்டினால் படிக்கட்டு, அப்புறம் வெறும் பாறைதான். மேலே போனதும் ஜெயசீலன் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து உள்ளங்கையைப் பாறையில் வைத்தான். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

"எம்மாம் பெரிய கல்லு டிரைவரே! ஒரே கல்லு. உள்ள ஒரு ஆளு கெடையாது. ஒருத்தனும் தோண்டல."

எத்தனை தடவை அந்த மலைக்கு வண்டி ஓட்டியிருக்கிறேன்! அதுவரை அந்தப் பாறையை நான் பார்த்ததே இல்லை என்றுதான் தோன்றியது. யானைத் தோல் மாதிரி வெயிலில் விரிந்து கிடந்தது. கீழே சுற்றிலும் ஏரிகள் பளபளத்தன. அந்தக் கல் எப்போது உண்டானதோ, எவன் கண்டான்? எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நானும் செருப்பைக் கழற்றினேன்.

எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்தோம். அப்போதுதான் மலைக்கு அந்தப் பக்கம் ஏதோ கல் குவாரியில் வெடி வைத்தார்கள். சத்தம் பெரிதாக இல்லை. ஆனால் அதிர்வு பாறை வழியாக ஏறி உள்ளங்காலில் வந்து தட்டியது.

அடுத்த நொடி நான் கண்டதை இன்றைக்கும் நம்ப முடியவில்லை. கேங் ஆண்கள் அத்தனை பேரும் குப்புற விழுந்து தலையைக் கையால் மூடிக்கொண்டார்கள். முதலில் விழுந்தது மாணிக்கம் மேஸ்திரி.

பெண்கள் ஒருத்தியும் படுக்கவில்லை. ஒன்றாக எழுந்தார்கள், படிக்கட்டை நோக்கி ஓடினார்கள். லைன் வீடுகள் இருக்கிற காம்ப்பில் தரை குலுங்கினால் பெண்கள் அப்படித்தான் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள், தன் ஆள் மேலே வருகிறானா என்று பார்க்க. ரூபாவதி எல்லோருக்கும் முன்னால் ஓடினாள். குப்புறக் கிடந்த தன் புருஷனைத் தாண்டிக்கொண்டே ஓடினாள். படிக்கட்டு வரைக்கும் போய்த்தான் நின்றாள். திரும்பிப் பார்த்தாள்.

"அய்யய்யோ, இங்கதான கீறாரு!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

நான் மட்டும் சோற்றுக் கையோடு எழுந்து நின்றுகொண்டிருந்தேன். படி ஓரமாகப் பூ விற்றுக்கொண்டிருந்த கன்னடக்கார அம்மா ஒருத்தி என்னிடம், "ஏனாயித்தப்பா இவரிகெ?" என்றாள், இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று. அப்பேர்ப்பட்ட மலை முன்னால் இருந்தும் என் கண் அந்த மனுஷர்களை விட்டு நகரவில்லை.

ஜெயசீலன்தான் முதலில் தலையைத் தூக்கினான். பக்கத்தில் மேஸ்திரி, கன்னமெல்லாம் புளிச்சோறு.

"மேஸ்திரி... உங்களுக்குமா?"

மேஸ்திரி எழுந்து உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. "தெனம்டா. கேஜ் எறங்கறப்ப தெனம் வயித்த கலக்கும்."

"நான் கண்ண மூடிகினுதான் எறங்குவேன்" என்றான், வேனில் கிண்டல் செய்தவன்.

ஜெயசீலன் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு அழுகையாகிவிட்டது. "எனக்கு மட்டுந்தான்னு நெனச்சி செத்துகினு இருந்தேனேய்யா. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா பாவிங்களா!"

3. திங்கட்கிழமை

மறுநாள் காலை ஷிஃப்டுக்கு ஷாஃப்ட் கேட் எதிரே வண்டியை நிறுத்தினேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. டீக்கடையில் ரூபாவதி நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரிசையில் ஜெயசீலன். சட்டை நனைந்திருந்தது தூரத்திலிருந்தே தெரிந்தது. அவன் முன்னால் நின்றவரிடம் சத்தமாகக் கேட்டான்.

"மேஸ்திரி, கலக்குதா?"

"கலக்குதுடா!"

"எனக்குந்தான்!"

வரிசையே சிரித்தது. கேஜ் கதவு சாத்தினார்கள். மணி அடித்தது. மேலே கேஜ் கயிற்றை இறக்குகிற பெரிய சக்கரம் சுற்ற ஆரம்பித்தது.

ரூபாவதி அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எறங்கிட்டாருண்ணா" என்றாள். "இப்ப எனக்குத்தான் கலக்குது."

டீ ஆற்றிக்கொண்டிருந்த அம்மா நிமிரவே இல்லை. "எங்க ஊட்டுக்காரரும் அதே கேஜ்லதான் போறாரு. எனக்கு மட்டும் கலக்கலியா இன்னா? ஒக்காரு கண்ணு" என்று ஒரு கிளாஸை அவள் கையில் கொடுத்தாள்.

வண்டி ஓட்ட வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். மலைப்பாதையில் யாராவது சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டால், பயப்படாதீங்க என்று சொல்லாதீர்கள். எனக்கும் பயம்தான்மா என்று சொல்லிவிட்டு, மெதுவாக ஓட்டுங்கள்.