பச்சை பூசிய தெரு

வெள்ளம் வடிந்த தெருக்களில் வீடு வீடாகப் போய், தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று கேட்டு அளப்பதுதான் அண்ணனுக்கு வேலை. பிள்ளையை வெள்ளத்துக்குக் கொடுத்த ஒரு தாயின் வீட்டில் மட்டும் அவர் வாயே திறக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சுவரை அளந்துகொண்டு சத்தமில்லாமல் போய்விட்டார். அந்தத் தாயே பின்னாளில் தங்கையிடம் இதைச் சொன்னாள்.

அவர் எழுதிக் கொடுத்த அளவுகளை வைத்து அலுவலகத்தில் ஆற்றோரம் முழுவதற்கும் வரைபடம் போட்டார்கள். ஆபத்தான தெரு சிவப்பு, பயமில்லாத தெரு பச்சை. தங்கை அதை நம்பித்தான் பச்சைத் தெருவில் கீழ்வீடு ஒன்றை வாங்கினாள். அவள் கணவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

ஒருநாள் அந்த வீட்டில் சுவரோடு அடித்திருந்த பழைய அலமாரியைப் பெயர்த்தார்கள். பின்னால் நெஞ்சு உயரத்தில் மெல்லிய சேற்றுக்கோடு ஒன்று தெரிந்தது. அண்ணன் அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது உச்சக்கோடு, பாப்பா. நான் அளந்தது தண்ணி வடியாம தேங்கி நின்ன கறை. அது கீழதான இருக்கும்."

"கேட்டுத்தான அளந்தீங்க?"

"முழங்காலுக்கு மேல வரலைன்னு தெருவே சொல்லிச்சு. மேலே இருந்ததை வெள்ளையடிச்சு மறைச்சுட்டாங்க. வீட்டு விலை போயிடும்ல."

வரைபடம் போட்ட பொறியாளரிடம் அண்ணன் ஓடினார். "அச்சாகிப் போச்சுய்யா. அடுத்த படத்துல பாத்துக்கலாம்" என்றார் அவர். அண்ணன் தெருவில் கதவு கதவாகச் சொல்லிப் பார்த்தார். எங்கள் பிழைப்பைக் கெடுக்காதே என்று விரட்டினார்கள்.

"வேற வீடு பாரு, பாப்பா."

"இதை வித்தா, வாங்கி வர்றவங்களும் மனுஷங்கதானே அண்ணே?"



அடுத்த மழைக்காலத்தில், விடாமல் பெய்த மூன்றாம் நாள் மாலை ஆறு உடைத்துக்கொண்டது. அண்ணன் முழங்கால் தண்ணீரில் வந்து சேர்ந்தார். மாடிவீட்டுக்காரரும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க, அவள் கணவரைத் தூக்கினார்.

"என்னைத் தூக்க இன்னும் ஒரு ஆள் குறையுது மச்சான். நாலு பேர் சேர்றதுக்குள்ள மேல கொண்டு போயிடுங்க" என்றார் கணவர்.

மாடியில் அவரைப் படுக்கவைத்ததும் அண்ணன் திரும்பிப் படியிறங்கினார். எதிர்வரிசையில் எல்லாம் பச்சையை நம்பிக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள்.

"போகாதீங்க அண்ணே. கடவுள் பாத்துக்குவார்."

"பாத்துக்கிட்டுதான் இருக்கார். அதான் போறேன்."

அவரால் பதினோரு பேர் அந்த மாடிக்கு வந்து சேர்ந்தார்கள். அவர் வரவில்லை. மூன்று நாள் கழித்து, தண்ணீர் வடிந்த பிறகுதான் கிடைத்தார். ஆண்டவன் அவரைத் தன் நிழலில் வைத்திருப்பான் என்று தங்கை இன்றும் தினமும் கும்பிடுகிறாள்.

அன்று கீழே இறங்கும்போது கடைசிப் படியில், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அவர் அவளிடம் சொன்னது இதுதான்:

"ஈரத்தோட வருவாங்க, பாப்பா. கதவைச் சாத்திடாத. நான் தப்பா அளந்ததுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க."