சுத்தமான திரை

அம்பத்தூர் எஸ்டேட்டில் நாங்கள் செய்தது சின்ன ரேடார். பெரிய வளாகங்களின் மதில் பக்கம் யாராவது நடந்து வந்தால் திரையில் புள்ளியாகக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் காற்றடித்தால் சீமைக் கருவேலமும் ஆடும். ஆடுகிற கிளையெல்லாம் புள்ளியாக வந்து உட்காரும். அந்தக் குப்பையைக் கழிக்கிற நிரல் என் பொறுப்பு.

எந்த மரம் எங்கே ஆடுகிறது என்று ரேடார் பொறுமையாகக் கற்றுக்கொள்ளட்டும், அந்த இடத்தில் மட்டும் கழிப்போம் என்றேன். நாலைந்து புள்ளி மிஞ்சும், மிஞ்சட்டுமே. மேலாளர் கேட்கவில்லை. "வாங்க வர்றவங்க முன்னாடி ஸ்கிரீன் சுத்தமா இருக்கணும்மா." மெதுவாக அசைவதை எல்லாம் ஒட்டுமொத்தமாக வெட்டச் சொன்னார். மெதுவாக வரும் ஆளும் சேர்ந்து காணாமல் போவான் சார் என்று மூன்று முறை சொன்னேன். கடைசியில் அவரே உட்கார்ந்து நிரலை மாற்றினார். டெமோ கெட்டால் உன் வேலையைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்றும் சொல்லிவைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதிலிருந்து எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம். சோதனைக்காக நடப்பவர் விறுவிறுவென்றுதான் நடப்பார். மெதுவாக நடந்தால் புள்ளி விட்டுப்போகும் என்று அவர் காலுக்கே தெரியும். கருவியை விட்டுவிட்டு காலைத் திருத்தி வைத்திருந்தோம், நானும் சேர்த்துத்தான்.

வாங்க வந்தவர்கள் மொட்டைமாடியில் திரை முன் நின்றபோது, "இன்னிக்கு நான் நடக்கிறேன்" என்று வாக்கிடாக்கியோடு எதிர்க் காலிமனையில் இறங்கினேன். தினமும் வேப்பம்பட்டில் ரயில் பிடிக்க ஓடுகிறவள் நான். அன்று கல்யாணப் பெண் மாதிரி அடிமேல் அடி வைத்து, ரேடாரை நோக்கி வந்தேன்.

பாதி தூரத்தில் டெக்னீஷியன் அண்ணன் குரல் வந்தது. "மேடம், எங்க கீறீங்க? ஸ்கிரீன்ல ஒண்ணியும் காணோமே!"

"எட்டிப் பாருங்கண்ணே. மஞ்சள் சுடிதார் நான்தான்."

அடுத்து மேலாளர், பல்லைக் கடித்துக்கொண்டு: "வேகமா நடம்மா!"

"மாட்டேன் சார்." வந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். "திருட வர்றவன் நமக்காக ஓடி வர மாட்டான்."

மாடியில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. வேலை போனால் போகட்டும் என்று இன்னும் மெதுவாக நடந்தேன். எங்கள் மதில் சுவரைக் கையால் தொட்டேன். அப்போதும் திரை சுத்தமாகத்தான் இருந்ததாம்.