அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்ற கணினி

சூடேறிய தூசுக்கென்று ஒரு வாசனை உண்டு. பழைய கணினியின் பொத்தானை அழுத்தி, உள்ளே விசிறி 'கர்ர்' என்று சுற்றத் தொடங்கிய இரண்டாவது நிமிடத்தில் அது கூடம் முழுக்கப் பரவும், லேசாகக் கருகிய துணி மாதிரி. எங்கள் வீட்டில் அந்த வாசனை வந்தால் அன்று வெள்ளிக்கிழமை என்று பொருள். லப்பைக்குடிக்காட்டின் பல வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் அத்தா, அதாவது அப்பா, வளைகுடாவில் இருந்தார். குவைத்தில் அவருக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமையில், ஜும்மா தொழுதுவிட்டு, அங்கே ஒரு நெட் கடையில் உட்கார்ந்து எங்களைக் கூப்பிடுவார். மற்ற நாட்களில் பூப்போட்ட உறைக்குள் தூங்கிய அந்த இயந்திரத்தைக் கணினி என்று யாரும் சொன்னதில்லை. அதன் பெயர் 'அத்தா பொட்டி'.

எட்டாம் வகுப்பின் காலாண்டு விடுமுறையில் எனக்குத் தம்பி பிறந்தான். பிறந்தது சனிக்கிழமை, ஆக ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை. அன்றைக்குத் தலைமுடி இறக்கி, காதில் மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். அதைத் தானே செய்ய வேண்டும் என்று அத்தா ஆசைப்பட்டார். கணினியின் காதுமாட்டியைப் பிள்ளையின் காதில் வைத்தால் போதும், அங்கிருந்தே கூப்பிட்டுவிடுகிறேன் என்றார். நான் பிறந்தபோதும் அவர் ஊரில் இல்லை. எனக்குப் பெயர் கூப்பிட்டவர் அவருடைய அண்ணன், என் பெரியத்தா. இந்த முறையும் அப்படி ஆகிவிடக்கூடாது என்பது அவர் கவலை. பெரியத்தாவும் ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு.

"சாயங்காலம் அஸர் தொழுவுற வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள லைன் வரலன்னா நானே கூப்புட்டுடுவேன். பிள்ளைய பேரில்லாம வச்சிருக்கப்படாது."

செவ்வாய்க்கிழமை காலையில், எதற்கும் ஒருமுறை பார்த்துவைப்போம் என்று பொட்டியைத் திறந்தேன். வந்தது வினை. பேசும் மென்பொருள், தன்னுடைய புதிய பதிப்பைப் போட்டால்தான் பேசுவேன் என்றது. புதிய பதிப்போ, இந்தக் கணினியே பழசு, இதை முதலில் புதுப்பித்துவிட்டு வா என்றது. பக்கத்துத் தெருவில் கல்லூரிக்குப் போகும் அக்கா ஒருத்தியிடம் அதற்கான சிடி இருந்தது. வாங்கி வந்து போட்டேன். பாதிக்கு மேல் நன்றாகத்தான் போனது. அறுபத்திரண்டு சதவீதத்தில் வந்து அப்படியே நின்றது. அரை மணி நேரமாக அதே அறுபத்திரண்டு. அம்மா பிள்ளைத் துணி அலசக் கூப்பிட்டதால், பெரியத்தாவின் மனைவியான பெரியம்மாவிடம், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனேன்.

பெரியம்மாவும் பொறுப்பாகத்தான் பார்த்துக்கொண்டார். லுஹர் பாங்கு கேட்டது. பள்ளிவாசலில் தொழுகைக்கான அழைப்பு எழுந்துவிட்டால் எங்கள் வீட்டில் டிவி, ரேடியோ எதுவும் ஓடக்கூடாது. மிக்ஸியைக்கூட நிறுத்திவிட்டு, தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்வார்கள். பெரியம்மாவும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, எழுந்து போய், சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தார். பாங்கு முடிந்ததும் மறக்காமல் மறுபடியும் போட்டார்.

நான் திரும்பி வந்தபோது கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரே ஒரு வரி ஓடியது, அணைந்தது, மறுபடி ஓடியது. அறுபத்திரண்டும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பெரியம்மாவுக்கு நடந்தது புரிய ஐந்து நிமிடம் ஆனது. புரிந்த பிறகு அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. அத்தாவுக்குப் போனில் விஷயத்தைச் சொன்னது அம்மாதான். கேட்டுவிட்டு, பாப்பாவைத் திட்டாதீங்க என்று மட்டும் சொன்னாராம். அவருக்குப் பாப்பா என்றால் நான்தான்.

மறுநாள் பெரியம்மாவே கிளம்பினார். கணினிப் பெட்டியைத் தான் போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டியின் முந்தியில் சுற்றி மடியில் வைத்தபடி பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினார். கைக்குழந்தை என்று நினைத்து ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். பெரியம்மா மறுக்காமல் உட்கார்ந்து, வழி நெடுகப் பள்ளம் வந்தபோதெல்லாம் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கம்ப்யூட்டர் சென்டரில் இருந்த அக்கா திறந்து பார்த்துவிட்டு, விட்டுவிட்டுப் போங்கள், சனிக்கிழமை வாருங்கள் என்றார். சனிக்கிழமை வந்து எங்களுக்கு என்ன பயன்? பெரியம்மா நகரவில்லை. பிள்ளை, ஏழாம் நாள், அத்தா, பாங்கு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அந்த அக்காவிடம் சொன்னார். அவர் சிரிக்காமல் கேட்டார். பிறகு வேறொரு சிடியைக் கொடுத்து, முதலில் எதைப் போடுவது, அடுத்து எது, சத்தம் வர எது, கேமரா வேலை செய்ய எது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதித் தந்தார்.

வியாழக்கிழமை காலை அந்தத் தாளைத் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் கேள்வியே தூக்கிவாரிப்போட்டது. உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. உள்ளே அத்தா போன விடுமுறையில் எடுத்த போட்டோக்கள் இருந்தன, வேறெங்கும் இல்லை. எழுந்து போய் அம்மாவிடம் கேட்டேன். அம்மா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"போட்டோ போனா போவுது. அவங்களே நாளைக்கு பொட்டில வராங்கல்ல" என்றார்.

சம்மதம் கொடுத்தேன். முதல் தடவை எண்பதில் நின்று, கோப்பு ஒன்றைக் காணோம் என்றது. சிடியைத் துடைத்துப் போட்டு ஒன்றிலிருந்து தொடங்கினேன். ஏறியது. ஏறிய பிறகு சத்தம் இல்லை, சத்தம் வந்த பிறகு இணையம் இல்லை, இணையம் வந்த பிறகு கேமராவை அதற்கு அடையாளம் தெரியவில்லை. ஒன்றை இழுத்தால் இன்னொன்று அவிழ்ந்தது. நடுவில் பாங்கு கேட்டபோது பெரியம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் கையெடுத்துக் கும்பிடாத குறை. அவர் சுவிட்சின் பக்கமே போகவில்லை. துப்பட்டியின் முந்தியால் திரையை மட்டும் மூடி, பாங்கு முடியும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வேலை நடந்துகொண்டிருந்தது. சாயங்காலம் திரையின் மூலையில் ஒரு சின்னச் சதுரத்தில் என் முகமே தெரிந்தபோது, அந்த எண்ணெய் வழியும் முகத்தைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு அழைப்பு வந்தது. அத்தா இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். தம்பியைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தோம். சின்னச் சதுரத்தில் அவன் பளிச்சென்று தெரிந்தான். தெரியுதா என்று கேட்டேன். அத்தா ஒரு நொடி திரையையே பார்த்தார்.

"தெரியுது பாப்பா, நல்லாத் தெரியுது. எவ்ளோ முடி பாரேன் பயலுக்கு."

தம்பிக்குக் காலையிலேயே மொட்டை அடித்தாகிவிட்டது. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். லைன் மெதுவாக இருப்பதால் போன வாரத்துப் படம் இப்போதுதான் அங்கே போய்ச் சேருகிறது என்று பெரியம்மா விளக்கம் சொன்னார். கூடம் முழுக்கச் சிரிப்பு, அதோடு அதை மறந்தும்விட்டோம். பிறகு காதுமாட்டியைக் கணினியில் செருகித் தம்பியின் காதில் வைத்தோம். அத்தாவின் உதடு மூன்று முறை அசைந்தது. எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வீறிட்டு அழுதுகொண்டிருந்தவன் வாயை மூடிக்கொண்டான். தன் பெயர் யூசுப் என்பது எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவனுக்குத்தான் தெரிந்தது. பெரியத்தா முகத்தைத் துடைத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் புறப்பட்டார்.

இன்று நான் சென்னையில் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். எட்டு சோதனைக் கணினிகளில் புதிய பதிப்புகளை ஏற்றி, எது எங்கே விழுகிறது என்று பார்ப்பது என் பிழைப்பு. போன மாதம் ஒரு பேசும் மென்பொருளின் புதிய பதிப்பை ஒரு கணினியிலும் பழைய பதிப்பை இன்னொன்றிலும் போட்டுப் பார்த்தேன். குரல் போனது, படம் போகவில்லை. பழைய பதிப்பு இருந்த பக்கம் வெறும் கறுப்புத் திரை. அனுப்புகிற பக்கத்திலோ மூலைச் சதுரத்தில் என் முகம் ஒரு குறையுமில்லாமல் தெரிந்துகொண்டிருந்தது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். நாங்கள் அன்று போட்டது புதுசு. அந்த நெட் கடையில் இருந்தது அதைவிட ஒரு பதிப்பு பழசாக இருந்திருந்தால்?

இப்போது அத்தா ஊரோடு வந்துவிட்டார். கடைத்தெருவில் சின்னதாக ஒரு கடை. நெட் கடைகளும் சிடிகளும் போய்விட்டன, மென்பொருள்கள் நாம் தூங்கும்போது தாமாகவே புதுப்பித்துக்கொள்கின்றன, அறுபத்திரண்டைப் பார்த்தபடி யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. அந்தச் சோதனை நடந்த அன்று மாலையே அவரை வீடியோவில் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் மழுப்பினார். யூசுப்பை முதன்முதலில் பார்த்தது எப்போது என்று திருப்பிக் கேட்டதும், கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தார். அடுத்த விடுமுறைக்கு வந்தபோதுதான், அவன் நடக்க ஆரம்பித்த பிறகு, அதுவரை ஒவ்வொரு வெள்ளியும் குரல் மட்டும்தான், என்றார்.

"அப்ப ஏன்த்தா தெரியுதுன்னு சொன்னீங்க?"

"மூணு நாளா நீ அதுகிட்டயே கெடந்தேன்னு உங்கம்மா சொல்லிச்சு. இங்க திரை கறுப்பாத்தான் இருக்குன்னு எப்படிம்மா ஒங்கிட்ட சொல்லுவேன்? அவன் அழுவுறது கேட்டுச்சு. நான் கூப்புட்டதும் நிறுத்துனான்ல, அதும் கேட்டுச்சு. எனக்கு அது போதும்மா."